எந்தக் கலைக் கல்லூரி?

எங்கள் கல்லூரிக்குப் பத்து வயதாகிறது. அதற்காக ஒரு மலர் போடுகிறார்கள். ‘நமது கல்லூரி: தோற்றமும் வளர்ச்சியும்’ என்று ஒரு பக்கம் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. வரலாற்றுத் துறையில் இருந்தால் இது ஒரு தொல்லை. பழையது என்று எதைச் சொன்னாலும் நம் மேஜைக்குத்தான் வரும். ‘கிராமப்புற மாணவர்களின் வாழ்வில் ஒளியேற்றும் பொருட்டு’ என்று ஆரம்பித்து, ‘வீறுநடை போடுகிறது’ என்று முடித்துக் கொடுத்தேன். மலர்க்குழு ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. அப்போதே எனக்கு உறைத்துவிட்டது, உருப்படியாக ஒன்றும் எழுதவில்லை என்று. அதில் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வேலை உத்தரவு வந்தபோது வயது முப்பத்திரண்டு. கௌரவ விரிவுரையாளர், வரலாறு. வையம்பட்டியைத் தாண்டி, மினி பஸ் போகிற ஒரு ஊரில் புதிதாகத் தொடங்கும் அரசு கலைக் கல்லூரி. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கே அம்மா தண்டோரா போட்டுவிட்டாள். மாலையில் எதிர்வீட்டு மாமா வாசலிலேயே என்னை மறித்தார்.

“கலைக் கல்லூரியாமே. கவர்ன்மென்டே நடத்தறதா?”

“ஆமாம் மாமா.”

“எந்தக் கலை? வடகலையா, தென்கலையா?”

அவர் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நெற்றியில் திருமண்ணின் வடிவத்தை வைத்தே ஒருவர் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுகிற ஊர் எங்களுடையது. அவருக்குக் கலை என்றால் அந்த இரண்டுதான். “ரெண்டும் இல்ல மாமா, நான் வரலாறு” என்றேன். “அது எந்த மடத்தைச் சேர்ந்தது?” என்றார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வரும். அன்றைக்குச் சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒண்ணாம் நம்பர் பஸ், பிறகு திண்டுக்கல் பஸ், பிறகு மினி பஸ். இறங்கிப் பார்த்தால் கல்லூரியைக் காணோம். எதிரே விவசாயிகள் மூட்டைகளை ஏலத்துக்குக் கொண்டுவரும் விற்பனைக்கூடம் ஒன்று இருந்தது. அதன் கிடங்குச் சுவரில் நீல எழுத்தில் ‘அரசு கலைக்க’ என்று எழுதியிருந்தது. அரசைக் கலைக்கவா? நம் நாட்டில் இவ்வளவு பகிரங்கமாகவா எழுதுவார்கள்? கிட்டே போன பிறகுதான் விளங்கியது. எழுதியிருந்தது ‘அரசு கலைக்கல்லூரி’. ‘ல்லூரி’யை மறைத்து மக்காச்சோள மூட்டைகளை அடுக்கிவைத்திருந்தார்கள்.

கிடங்கில் பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு. நடுவில் ஒரு தார்ப்பாய். அந்தப் பக்கம் ஏலத்துக்கு அடிக்கிற மணியும் எங்கள் வகுப்பு மணியும் ஒரே சத்தம். முதல் வாரத்தில் ஒரு விவசாயி என் வகுப்பில் துண்டை விரித்து உட்கார்ந்து சோழர் நிலவரி முழுவதையும் கேட்டுவிட்டு, “இன்னைக்கு வெலை சொல்லவே மாட்டேங்கிறீங்களே” என்று குறைப்பட்டுக்கொண்டு எழுந்து போனார்.

முதல்வர் பொறுப்பில் இருந்தவர் கணிதப் பேராசிரியர். மேலப்புதூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர். கூரை பிய்த்துக்கொண்டு விழுந்தாலும் எத்தனை ஓடு என்று எண்ணுவாரே தவிரப் பதற மாட்டார். அவர்தான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“மேடம், தமிழ் ரொம்பிடுச்சு. கணக்கு ரொம்பிடுச்சு. வரலாறுல ஏழு பேர்தான். மாசக் கடைசிக்குள்ள இருபது வரலேன்னா அந்தப் பாடத்தையே எடுத்துடுவாங்க.”

“எடுத்துட்டா நான்?”

“நீங்க அந்தப் பாடத்துக்குத்தானே வந்திருக்கீங்க” என்றார். அவர் அதை வருத்தத்தோடுதான் சொன்னார்.

அன்று மினி பஸ்ஸில் நான் அழுதேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. தனியார் பள்ளியில் ஆறு வருஷம் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டே முனைவர் பட்டம் வாங்கியவள். கல்லூரியில் நின்று வரலாறு சொல்ல வேண்டும் என்ற ஒரே ஆசையில் இருந்த வேலையை விட்டு வந்திருந்தேன். சேர்ந்து நாலு நாளில் துறையைக் கலைத்துவிட்டார்கள் என்று எதிர்வீட்டு மாமாவிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் நானே களத்தில் இறங்கினேன். ஊரில் ஒரு ஆட்டோக்கார அண்ணன் இருந்தார். ஆட்டோ உச்சியில் குழாய் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக விளம்பரம் செய்வதுதான் அவருடைய தொழில். கோயில் திருவிழா, ஜவுளிக்கடை திறப்பு, காணாமல் போன மாடு எல்லாம் அவர் வழியாகத்தான் ஊருக்குத் தெரியும். அவரிடம் ஒரு தாளை நீட்டினேன். ‘அரசு கலைக் கல்லூரி மாணவர் சேர்க்கை. பிளஸ் டூ தேறியவர்கள் வருக. அலுவலகம் மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும்.’ அவர் அதைப் பார்த்துவிட்டு, “இவ்ளோதானுங்களா?” என்றார். “இவ்ளோதான்” என்றேன். வாய்ஸைப் பதிவு செய்து நாளைக்கே ஓட்டிவிடுவதாகச் சொன்னார்.

மறுநாள் மாலை ஐந்தரைக்குக் கிடங்கு வாசலில் கூட்டம். முதலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பேரா வரலாறு படிக்க வந்திருக்கிறார்கள்! கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். பிளஸ் டூ தேறியவர்களாக யாரும் தெரியவில்லை. பாய் கொண்டுவந்திருந்தார்கள். கைக்குழந்தைகள் இருந்தன. ஒரு அம்மாள் தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு சுண்டல்காரர்கூட வந்துவிட்டார். எல்லாரும் மூட்டை ஏற்றுகிற சிமெண்டு மேடையைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஆட்டோ அந்த வழியாக வந்தது. ஒரு பெண்குரல் கணீரென்று கேட்டது: “இன்று மாலை ஆறு மணிக்கு! நமது விற்பனைக்கூட மைதானத்தில்! அரசு வழங்கும் மாபெரும் கலை நிகழ்ச்சி! ஆட்டம் பாட்டம்! அனைவரும் குடும்பத்துடன் வந்திருந்து கண்டு களிக்குமாறு...”

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி மட்டும் அப்போது என் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியாது.

முதல்வர் நிதானமாக மேடை ஏறி, “ஆட்டமெல்லாம் இல்லீங்க. இது படிக்கிற எடம்” என்றார்.

“அப்புறம் எதுக்குங்க கலைன்னு எழுதி வச்சிருக்கீங்க?” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். முதல்வர் திரும்பி என்னைப் பார்த்தார். “நீங்க பேசுங்க மேடம். நூத்தி எண்பது பேர் இருக்காங்க” என்றார்.

ஏறினேன். கலை என்றால் இங்கே மொழி, வரலாறு, கணக்கு என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பின்னால் இருந்தவர்கள் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். போகிறவர்களை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்ற ஆத்திரத்தில் தினமும் மினி பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிற ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. குளத்தங்கரையில் மஞ்சள் துணி சுற்றி ஒரு கல் நிற்கும். அங்கே பஸ் நிற்கிற இடத்துக்குப் பெயரே பட்டவன் கோயில்.

“குளத்தங்கரையில கல்லா நிக்கிறாரே, அவரு யாரு?” என்றேன்.

“பட்டவன் சாமி. மாட்டை மீட்கப் போயி உசுரை விட்டவரு.”

“அது சரி. யாரு வீட்டு ஆளு?”

முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்தார். ஊரில் அவர்களை மேட்டுவீட்டுக்காரர்கள் என்பார்கள். “இதென்ன கேள்வி? எங்க பாட்டனுக்குப் பாட்டன்” என்றார். அவர் வாயை மூடுவதற்குள் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. அவர் கிணத்துவீட்டுக்காரர். மேட்டுவீட்டுக்குப் பங்காளி. “ஒங்க பாட்டன் மாடு மீட்டாராக்கும்? அவரு எங்காளு. ஒங்காளு அன்னைக்கு வைக்கப்போருக்குள்ள ஒளிஞ்சிருந்தாரு.”

சுருட்டின பாய்கள் எல்லாம் மறுபடி விரிந்தன. அரை மணி நேரம் எனக்கு வேலையே இல்லை. சுண்டல் மொத்தமும் தீர்ந்துவிட்டது. கடைசியில் இரண்டு பக்கமும் என்னிடமே வந்து, “டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க” என்றார்கள்.

“கல்லுலயே எழுதியிருக்கு. பழைய எழுத்து. வரலாறு படிச்சவங்க அதைப் படிச்சிடலாம்” என்றேன்.

“அப்ப நீங்களே படிச்சுச் சொல்லிடுங்க.”

“நான் வெளியூர்க்காரி. நான் ஒரு பக்கம் சொன்னா இன்னொரு பக்கம் நம்புவீங்களா? உங்க பிள்ளைங்களே படிச்சுச் சொன்னா?”

இரண்டு பக்கமும் தங்கள் வீட்டில் பிளஸ் டூ தேறியவர்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரண்டு கலைகளும் யார் முன்னே, யார் பின்னே என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடுகிற ஊரில் பிறந்தவள் நான். தன் பக்கம் ஆள் குறைந்துவிடுமோ என்ற பயம் வந்தால் யாரும் வீட்டில் உட்கார மாட்டார்கள். ஒன்றே ஒன்றுதான் இடித்தது. அந்தக் கல்லை நான் கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லை. எழுத்து இருக்கிறது என்று சொன்னேனே, அது வாய்க்கு வந்த பொய்.

மறுநாள் மேட்டுவீட்டிலிருந்து ஆறு பேர் வரலாற்றில் சேர்ந்தார்கள். அதற்கு மறுநாள் கிணத்துவீட்டிலிருந்து ஆறு பேர். முதல்வர் பேனாவை மூடிவைத்தார்.

“பத்தொம்போது. பிரச்சினை என்னான்னா மேடம், இவங்க ரெட்டைப்படையாத்தான் வர்றாங்க. நமக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்.”

இரண்டு வீட்டிலும் பிளஸ் டூ தேறிய ஆள் தீர்ந்துபோயிருந்தது. மாதக் கடைசி நாள் வந்தது. காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவையெல்லாம் மூட்டைகள்தான். நாலு மணிக்கு ஆட்டோக்கார அண்ணன் வந்தார், பின்னால் ஒரு பெண். அவள் வாயைத் திறந்து “வணக்கம் மேம்” என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்டு களிக்குமாறு கூப்பிட்ட அதே குரல்.

“நீயா அது!”

“நீங்க எழுதினது ரெண்டு வரிதான் மேம். சப்புனு இருந்துச்சு. அதான் எப்பவும் சொல்றதைக் கொஞ்சம் சேத்துட்டேன்.”

திட்டுவதற்கு ஒரு வாரமாகச் சேர்த்துவைத்த வார்த்தைகள் எல்லாம் தொண்டை வரை வந்தன. பத்தொன்பது என்ற எண் நினைவுக்கு வந்ததும் அவற்றை அப்படியே முழுங்கிவிட்டு, “வரலாறு பிடிக்குமா?” என்று கேட்டேன்.

“தெரியாது மேம். திருச்சியில சேக்கிறேன்னாரு அப்பா. எனக்கு பஸ்ஸுல ஏறினா வாந்தி வந்துடும். நடந்து வர்ற காலேஜ் இது ஒண்ணுதான்.”

கிராமத்தில் ஒரு கல்லூரி எதற்கு என்று எத்தனையோ அறிக்கைகள் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒருத்தரும் சொன்னதில்லை. முதல்வர் இருபது என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

ஒரு வருஷம் ஓடியது. கல்லை எப்போது படிக்கப்போகிறீர்கள் என்று இரண்டு வீட்டாரும் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். முதலில் பழைய எழுத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். பிறகு மழை என்றேன். பிறகு பரீட்சை என்றேன். உண்மையில் அதற்குள் ஒருநாள் மினி பஸ்ஸிலிருந்து இறங்கிக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டேன். மஞ்சளும் எண்ணெயும் விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. அடியில் ஏதாவது இருக்க வேண்டுமே என்று பட்டவனையே வேண்டிக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த சேர்க்கை தொடங்கிய வாரம் இனித் தள்ளிப்போட முடியாது என்றாகிவிட்டது. மறுபடி இருபது பேர் தேவை. அதுவரை வந்திருந்த விண்ணப்பங்கள் எட்டு. “கல்லு என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுப் பிள்ளைங்களைச் சேக்கிறோம்” என்று ஊரே காத்திருந்தது.

பொங்கல் வைத்து, சாமியிடம் உத்தரவு கேட்டு, கல்லைக் கழுவினார்கள். ஈரத் தாளைக் கல்லின்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை தடவிப் படி எடுக்க வேண்டும். எழுத்து இருந்தால் கறுப்பில் வெள்ளையாகத் தெரியும். என் இருபது பேரில் பழைய எழுத்தை நன்றாகப் படிக்கிறவள் அந்த ஆட்டோ அண்ணன் மகள்தான். அவள் தாளை உரித்து எடுத்தாள். முழுத் தாளும் கறுப்பாக இருந்தது. ஒரு கோடு, ஒரு சுழி கிடையாது. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“மேம், எழுத்தே இல்ல” என்றாள் மெதுவாக.

இரண்டு பக்கமும் ஊர் நின்றுகொண்டிருந்தது. ‘எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது, இன்னும் ஆராய வேண்டும்’ என்று சொல்லலாம் என வாயைத் திறந்தேன். இன்னொரு பொய். துறையைக் காப்பாற்ற அப்போது எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதற்குள் அவள் நேராக அப்பாவின் ஆட்டோவுக்குப் போய் மைக்கை எடுத்தாள்.

“அன்பார்ந்த ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே! கல்லில் எழுத்து கிடையாது. எங்க மேம் கல்லைப் பாக்காமலேயே இருக்குன்னு சொல்லிட்டாங்க. நான் தாளுல இல்லாத ஆட்டத்தைச் சொன்னேன்ல, அதே மாதிரி!”

நான் கூனிக்குறுகிப் போனேன். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மேட்டுவீட்டுப் பெரியவர் மட்டும் சிரிக்காமல் யோசித்தார்.

“ஏம்மா, எங்க பாட்டன் இல்லேன்னும் அதுல எழுதலையே?”

“இல்லங்க தாத்தா.”

“எங்காளு இல்லேன்னும் எழுதல, அதானே?” என்றார் கிணத்துவீட்டுக்காரர்.

“எழுதலங்க.”

இருவருக்கும் பரம திருப்தி. கையில் ஆளுக்கொரு கிண்ணம் பொங்கலோடு சண்டையைத் தொடர்ந்தார்கள். என்மேல் யாருக்கும் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் என்மேல் கோபம் வருஷக்கணக்கில் இருந்தது.

இனி ஒருவரும் சேர மாட்டார்கள் என்று முடிவுகட்டி மறுநாள் என் புத்தகங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டியில் ஒரு அம்மிக்கல். “இதுலயாவது ஏதாச்சும் எழுதியிருக்கான்னு பாருங்க. இவனையும் சேத்துக்கிட்டுப் பாருங்க” என்று ஒருவர் மகனையும் கல்லையும் சேர்த்து இறக்கினார். அந்த வாரம் முழுவதும் கல்லாக வந்தது. ஆட்டுக்கல், வாசற்படி, துணி துவைக்கிற கல். துவைக்கிற கல்லில் நிஜமாகவே எழுத்து இருந்தது. ஆவலோடு படி எடுத்தோம். அது யாரோ பிடுங்கிக்கொண்டு போயிருந்த பழைய மைல்கல். திண்டுக்கல்லுக்கு எத்தனை மைல் என்று சொன்னது. கல்லோடு வந்தவர்களும் கல்லில்லாமல் வந்தவர்களுமாக முதல்வர் எண்ணியபோது இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். “ஒத்தைப்படை மேடம்” என்று அவர் முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்குச் சொந்தக் கட்டடம் வந்தது. தார்ப்பாய் போய்ச் சுவர் வந்தது. அந்தப் பெண் இப்போது திருச்சியில் ஒரு பண்பலை வானொலியில் பேசுகிறாள். வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். நான் இன்னும் கௌரவ விரிவுரையாளர்தான். வருஷா வருஷம் சேர்க்கை நேரத்தில் அதே மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த வருஷமும் இருபது தேறிவிட்டது. மலரில் இதில் எதற்கும் இடம் இல்லை.

போன மாதம் அடித்த காற்றில் வாசல் வளைவில் ஒட்டியிருந்த எழுத்துகள் சில விழுந்துவிட்டன. முதலில் ‘ரி’. பிறகு ‘லூ’. பிறகு ‘ல்’லின் தலையில் இருந்த புள்ளி. சரிசெய்யக் கடிதம் எழுதட்டுமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். “அவசரமில்ல, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அதைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை எதிர்வீட்டு மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண் மங்கிவிட்டது, காது மந்தம். கேள்வி மட்டும் மாறவில்லை.

“பத்து வருஷமா போயிண்டிருக்கே. எந்தக் கலைன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே நீ?”

போனை அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“அரசு... கலைக்கல.”

“ஆமாம் மாமா” என்றேன். “இன்னும் கலைக்கல.”